ஆனை மிதித்த வீட்டின் ஜோக்: கூடலூரிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

கணவரை யானைக்குப் பறிகொடுத்த ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளி, அந்தத் துயரத்தையே மேடை நகைச்சுவையாகச் சொல்லத் தொடங்கியதைப் பற்றிய குறிப்பு இது. நீலகிரியின் கூடலூர், பந்தலூர் பகுதித் தோட்டங்களில் இருப்பவர்களுக்காக மாதத்தில் ஒரு ஞாயிறு நாங்கள் நடத்தும் ஓபன் மைக் கூட்டத்தில், அதாவது யார் வேண்டுமானாலும் மைக் பிடிக்கலாம் என்ற கூட்டத்தில், இது நடந்தது. அவர் பெயர் இங்கே வராது. கூட்டத்தில் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவரும் அவர் மகனும் படித்துத் திருத்தம் சொன்ன பிறகே இது வெளியே வருகிறது.

நான் இந்த மலையில் உளவியல் ஆலோசகராக வேலை செய்கிறேன். வாய்விட்டுச் சிரித்தால் நோய் விட்டுப் போகும் என்று துக்கத்தில் இருப்பவரிடம் யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். அக்கா விஷயத்தில் சிரிப்பு முதலில் அவரைக் காயப்படுத்தியது, பிறகு அவர் மகனைக் காயப்படுத்தியது. அதற்கப்புறம்தான் உதவியது. எந்த இடத்தில் எது மாறியது என்று ஒவ்வொரு ஜோக்காக எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

பின்னணி

அக்காவுக்கு முப்பதுகளின் கடைசி. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். லைன் வீடு என்கிற தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு, கொழுந்து பறிக்கும் வேலை, பிளஸ் ஒன் படிக்கும் ஒரே மகன். கணவர் லோடு ஏற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். குடிப் பழக்கம் இருந்தது.

பலாப்பழம் பழுக்கும் மாதங்களில் இங்கே யானைகள் லைன் வீடுகளை ஒட்டியே நடமாடும். அப்படி ஒரு நாள் பொழுது சாய்ந்த பிறகு கடைவீதியிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்த கணவரை, வீடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் யானை தாக்கியது. அக்கா சத்தத்தைக் கேட்டார். கதவைத் திறக்க முடியவில்லை. யானை வாசல் வழியாகத்தான் திரும்பிப் போனது.

அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கம் போயிற்று. இரவில் தகரக் கூரையில் எது விழுந்தாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அந்தப் பாதையைத் தவிர்க்க வேலைக்குச் சுற்றிப் போனார். அழுகை வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம் சிரித்துச் சிரித்துப் பேசினார். அதை ஊர் தவறாக எடுத்துக்கொண்டது. அரசு மருத்துவமனை மனநல மருத்துவர் மருந்து எழுதிக் கொடுத்தார். ராத்திரி நேரங்களில் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அரசின் இலவச மனநல உதவி எண்ணில், பேசுவார். பஸ் போன பிறகு எங்கேயும் போக முடியாத லைன் வீடுகளில் அந்த எண் நிஜமாகவே பயன்படுகிறது. மருந்தும் ஆலோசனையும் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அவர் மேடைக்கு வந்தார். மேடை அவற்றுக்கு மாற்றாக ஒருபோதும் இருக்கவில்லை.

ஊர் சொன்ன ஜோக்

அரசு இழப்பீடு வந்தது. பின்னாலேயே ஒரு பேச்சும் வந்தது: “அவளுக்கென்ன, ஆனை மிதிச்சதுல லட்சாதிபதி ஆயிட்டா.” டீக்கடையில் பிறந்த இந்த வரி எடை போடும் இடத்துக்கு வந்து, பள்ளிக்கூடத்தில் மகன் காதிலும் விழுந்தது.

சொன்னவர்கள் கொடியவர்கள் என்று நான் நினைக்கவில்லை. யானையோடு ஒரே பாதையில் நடக்கிற ஊர் இது. பயத்தைக் கேலியாக மாற்றிக்கொள்வது இங்கே பழக்கம். வீடுகளை உடைத்து அரிசி தின்ற தந்தமில்லாத ஆண் யானை ஒன்று 2022 டிசம்பரில் பந்தலூர்ப் பகுதியில் பிடிபட்டது. வனத்துறைக்கு அது பி.எம்.2 (பந்தலூர் மக்னா 2). ஊருக்கு அது ‘அரிசி ராஜா’. அந்த யானையால் ஆள் செத்த பிறகும் யாரும் அந்தப் பெயரை மாற்றவில்லை. ராஜா என்று கூப்பிட்டால் பயம் கொஞ்சம் கைக்கு அடங்குகிறது.

ஆனால் அரிசி ராஜா என்ற பெயர் யானையைப் பார்த்து வைத்தது. லட்சாதிபதி ஜோக், யானையிடம் அகப்பட்ட வீட்டைப் பார்த்துச் சொன்னது. நாளைக்கு நமக்கும் இது நடக்கலாம் என்ற பயத்தை, ‘அது அவள் அதிர்ஷ்டம்’ என்று அவள் தலையில் இறக்கி வைக்கிற வேலையை அது செய்தது. புண்படுத்தும் ஜோக்கு என்று எதைச் சொல்வது என்ற விவாதத்தில் கெட்ட வார்த்தை இருக்கிறதா, சாவு இருக்கிறதா என்றுதான் பெரும்பாலும் பார்க்கிறோம். இந்த வரியில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை.

நம் ஊர்களில் கேலிக்கு ஒரு முறை உண்டு. மாமன் மச்சானைக் கேலி செய்யலாம். அத்தை மகளை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், அவளும் திருப்பிச் சொல்லலாம். உறவு அனுமதி தருகிறது, திருப்பி அடிக்கிற உரிமையும் கூடவே வருகிறது. அக்காவைப் பற்றிய ஜோக் அவர் இல்லாத இடத்தில் சொல்லப்பட்டது. அவர் வந்ததும் நின்றது. பதில் சொல்ல அவருக்கு இடமே இல்லை.

முதல் முறை மைக்கில்

எங்கள் கூட்டம் ஒரு தையல் பயிற்சிக் கூடத்தில் நடக்கும். தையல் மிஷின்களை ஓரமாகத் தள்ளிவிட்டு நாற்காலி போடுவோம். கோவையில் மேடை நகைச்சுவை செய்கிற நண்பர் ஒருவர் வந்து எழுதப் பழக்குவார். இந்த மாதிரி முயற்சி உலகத்துக்குப் புதிதல்ல. கனடாவின் வான்கூவரில் டேவிட் கிரானிரர் 2004இல் மனநலச் சிக்கல் உள்ளவர்களுக்கு மேடை நகைச்சுவை சொல்லித்தரத் தொடங்கினார். அது பல ஊர்களுக்குப் பரவியது. அவர்கள் தங்கள் நோயைப் பற்றித் தாங்களே எழுதி, தாங்களே மேடையேறுகிறார்கள்.

அக்கா முதலில் வேடிக்கை பார்க்கத்தான் வந்தார். ஒரு நாள் திடீரென்று எழுந்து மைக்கை வாங்கினார்.

“எல்லாரும் தேடுற அந்த லட்சாதிபதி நான்தான். ஆனை மிதிச்சதுல வந்த காசு. பார்த்தா தெரியலையா? மூஞ்சியும் ஆனை மிதிச்ச மாதிரிதான் இருக்கு.”

கூடம் குலுங்கியது. தைரியமான பொம்பளை என்று கைதட்டினார்கள். அடுத்த வாரம் ஆலோசனைக்கு வந்தபோது அவர் தூக்கம் முன்பைவிட மோசமாகியிருந்தது. “சிரிச்சாங்க. அப்ப நெசமாவே அப்படித்தான் நினைச்சிருக்காங்க” என்றார்.

ஊர் சொன்ன அதே ஜோக்கை, ஊருக்காக, தன் வாயால் திருப்பிச் சொல்லியிருந்தார் அவர். கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ராட் மார்ட்டினும் சக ஆய்வாளர்களும் 2003இல் அன்றாட நகைச்சுவையை நான்கு வகையாகப் பிரித்துக் காட்டினார்கள். மற்றவர்களோடு நெருங்குவதற்கான நகைச்சுவை, கஷ்டத்தில் தன்னைத் தாங்கிக்கொள்வதற்கானது, பிறரைத் தாக்குவது, பிறர் சிரிப்பதற்காகத் தன்னையே தாழ்த்திக்கொள்வது. கடைசி வகை மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் சேர்ந்தே காணப்படுகிறது. இரண்டாவது வகைக்கும் நான்காவது வகைக்கும் நடுவே உள்ள கோடு வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. இரண்டிலும் ஆள் தன் கஷ்டத்தைச் சொல்லிச் சிரிக்கவைக்கிறார். மேடை முடிந்த அன்றைய இரவு எப்படிப் போனது என்று கேட்டால்தான் தெரியும். அதனால் எங்கள் கூட்டத்தில் துயரத்தைப் பேசியவரிடம் மறுநாள் ஒருவர் போனில் பேசுவது வழக்கம்.

சிரிப்பு பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியம் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கைச் சொல்கிறது. எள்ளல் என்றால் கேலி; அதற்கு உரை எழுதிய, பேராசிரியர் என்றே பெயர் பெற்ற பழைய உரையாசிரியர், தான் பிறரை எள்ளிச் சிரிப்பது, பிறர் தன்னை எள்ளும்போது தான் சிரிப்பது என்று இரண்டாகப் பிரிக்கிறார். துக்கம் கேட்க வந்தவர்களிடம் அக்கா சிரித்துப் பேசியதும், அந்த முதல் மேடையும் இந்த இரண்டாவது சிரிப்புதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜோக் திரும்பிய விதம்

கோவை நண்பர் அக்காவிடம் கேட்டது ஒரே கேள்வி: “இதுல உங்களுக்கு யார் மேல கோபம்?” முதலில் யார் மேலும் இல்லை என்றார். அப்புறம் நிறைய வந்தது. நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொன்னோம். எழுதியதில் பாதி ஜோக்கே இல்லை, வெறும் கோபம். அது பரவாயில்லை, கோபம் இருக்கும் இடம் தெரிந்தால் ஜோக்கு எங்கே விழ வேண்டும் என்று தெரிந்துவிடும்.

அப்படி வந்தது இது:

“காசு வாங்க எத்தனை பேப்பர் தெரியுமா? இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட். எல்லாம் குடுத்தேன். ஒருத்தர் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார், ‘ஆனைதான் மிதிச்சுதுன்னு எப்படிம்மா சொல்றீங்க?’ கையெழுத்து வாங்கலைங்க சார், அவசரமாப் போயிருச்சு. அதுக்குக் கையெழுத்தும் வராது, கைநாட்டுதான். எங்க வாசல்ல வெச்சிட்டுப் போயிருக்கு, ஒரு முழ அகலம். வந்து பாருங்க.”

இதில் யானை இருக்கிறது, சாவு இருக்கிறது, அக்கா மட்டும் கேலிப் பொருளாக இல்லை. சிரித்தவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு மேசை முன்னால் இதேபோல நின்றவர்கள். மறுநாள் பேசியபோது, நன்றாகத் தூங்கினேன் என்றார்.

அடுத்ததைத்தான் அவருடைய மிகச் சிறந்த ஜோக் என்று நான் சொல்வேன். கணவர் போன பிறகு கல்யாண வீடுகளில் அவரை எதிரே வரவேண்டாம் என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

“பத்திரிகை வெக்கிறாங்க. ஆனா கிளம்புறப்ப நான் எதிர்ல வரக்கூடாதாம், சகுனம் சரியில்லையாம். ஏங்க, நம்ம ரோட்ல ராத்திரி எட்டு மணிக்கு எதிர்ல என்ன வரும்னு உங்களுக்கே தெரியும். வந்தது நானா இருந்தா சந்தோஷப்படுங்கய்யா!”

முதல் முறை இதைச் சொன்னபோது முன்வரிசையில் இருந்த பெண்கள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். அந்த வரிசையில் அவரை எதிரே வரவேண்டாம் என்று சொன்ன ஒருவரும் இருந்தார். அவரை அக்கா மேடையிலிருந்து திட்டியிருந்தால் சண்டைதான் மிஞ்சியிருக்கும். எல்லோருக்கும் பொதுவான பயத்தின் பக்கத்தில் சகுனத்தைக் கொண்டுபோய் நிறுத்தியதும் அதன் அபத்தம் அவருக்கே தெரிந்துவிட்டது. அக்காவைக் காயப்படுத்திய இருட்டு ரோடே இந்த ஜோக்கில் அவர் பக்கம் சாட்சி சொல்கிறது.

மேடையால் அவருக்கு என்ன கிடைத்தது? பிரிட்டிஷ் உளவியலாளர் ராபின் டன்பாரின் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வில், சேர்ந்து சிரித்தவர்களுக்கு வலி தாங்கும் திறன் கூடியிருந்தது; எடின்பரோ விழாவில் மேடை நகைச்சுவை பார்த்தவர்களிடமும் அதைச் சோதித்தார்கள். ஆனால் அங்கே சிரித்தவர்கள் பார்வையாளர்கள். மைக் பிடித்தவர் சிரிப்பதில்லை. அவருக்குக் கிடைப்பது வேறொன்று என்பது என் கணிப்பு: நடந்ததை எந்த வரிசையில் சொல்வது என்ற அதிகாரம். அன்றைக்கு ராத்திரி எல்லாம் அவர்மீது ஒரே நேரத்தில் வந்து விழுந்தது. மேடையில் யானை எப்போது உள்ளே வர வேண்டும் என்று அவர் முடிவு செய்கிறார். டைமிங் என்று நகைச்சுவைக்காரர்கள் சொல்வது, அதிர்ச்சியில் இருப்பவருக்கு ஒரு சிகிச்சைப் பயிற்சியாகவே ஆகிவிடுகிறது.

மகன்

கூட்டம் தனக்குச் சிரிக்கிறது என்ற தெம்பில் அக்கா ஒரு நாள் இதைச் சொன்னார்:

“யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்பாங்க. எங்க வீட்டுக்காரர் இருந்தப்ப சம்பளம் பூரா கடைக்குப் போச்சு. இறந்த பிறகுதான் வீட்டுக்குக் காசு வந்துச்சு.”

அன்றைக்குக் கிடைத்த சிரிப்பிலேயே அதுதான் பெரியது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மகன் எழுந்து வெளியே போனான். நாலைந்து நாள் அம்மாவோடு பேசவில்லை. பிறகு இருவரையும் வைத்துப் பேசினோம். அவன் சொன்னது: “அப்பா குடிச்சார்ம்மா, உண்மைதான். நீ சொல்லு. அவங்க ஏன் கை தட்டணும்?”

இருண்ட நகைச்சுவையைக் காப்பாற்றிப் பேசுபவர்கள் ‘என் வலி, என் ஜோக்’ என்பார்கள். பாதிக்கப்பட்டவர் தன் வலியைப் பற்றி எதையும் சொல்லலாம் என்பது எனக்கும் உடன்பாடுதான். ஆனால் ஒரு சாவு ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருப்பது அபூர்வம். அக்காவுக்குக் கணவர் மேல் கோபம் இருந்தது, அது நியாயமான கோபம். மகனுக்கு அவர் அப்பா. அந்தச் சாவில் அவனுக்கும் பங்கு உண்டு; அவன் பங்கையும் சேர்த்து அம்மா கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டாள் என்றுதான் அவனுக்குப் பட்டது.

அந்தப் பேச்சின் நடுவில் அவன் சொன்ன ஒரு விஷயம் எல்லாவற்றையும் மாற்றியது. “அன்னைக்கு அப்பா சீக்கிரம்தான் கிளம்பினார். பரோட்டா வாங்கிட்டு வர்றேன்னு எனக்குப் போன் பண்ணார்.” அக்காவுக்கு அது தெரியாது. மகன் யாரிடமும் சொல்லவில்லை. தன்னால்தான் அப்பா அந்த நேரத்தில் அந்தப் பாதையில் வந்தார் என்று உள்ளுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தான். அன்று இருவரும் அழுதார்கள். கணவர் இறந்த பிறகு அக்கா முதல் முறையாக அழுதது அன்றைக்குத்தான். மகனுக்குத் தனியாக ஆலோசனை அன்றிலிருந்து தொடங்கியது.

சில மாதங்கள் கழித்து, மகன் சரி என்று சொன்ன பிறகு, சம்பள ஜோக்கு இருந்த இடத்துக்கு இது வந்தது:

“எங்க வீட்டுக்காரர் வாழ்க்கையிலேயே ஒருநாள்தான் சீக்கிரம் வீட்டுக்குக் கிளம்பினார். அன்னைக்குன்னு பார்த்து ஆனையும் சீக்கிரம் கிளம்பிருச்சு.”

சிரிப்பு முன்னதைவிடச் சின்னது. பாதிப் பேர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திவிடுகிறார்கள். அக்கா அந்த நிறுத்தத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறார். குடித்த கணவரும், மகனுக்குப் பரோட்டா வாங்கிய அப்பாவும் ஒரே ஆளாக அந்த ஒற்றை வரியில் இருக்கிறார். பழைய ஜோக்கில் ஒருவர்தான் இருந்தார்.

பெரியவர் கொடுத்த பதில்

அதே காலத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெளியூர்க் கல்லூரி மாணவர் ஒருவர் எங்கள் மேடையில் ‘சிலோன்காரங்க’ பேச்சையும் பழக்கத்தையும் வைத்து ஒரு செட் செய்தார். அதை இங்கே எடுத்து எழுத விரும்பவில்லை. ‘டார்க் காமெடின்னா அப்படித்தான், யாரையும் விடமாட்டோம்’ என்பது அவர் வாதம். உட்கார்ந்திருந்தவர்களில் பலர் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள். கூடம் பேசாமல் இருந்தது.

மைக்கைப் பிடுங்கலாமா என்று சிலர் கேட்டார்கள். அதற்குள் ஒரு பெரியவர் எழுந்து முன்னால் வந்தார். ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி.

“தம்பி, உனக்கு இன்னும் பழக்கம் பத்தல. எங்களை வெச்சு ரெண்டு நாட்டுப் பிரதமருங்களே ஜோக் சொல்லியிருக்காங்க, கேளு. 1964ல ஒப்பந்தம் போட்டாங்க. 5,25,000 பேரு இந்தியாவுக்கு. 3,00,000 பேரு இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை என்ன பண்றது? ‘அப்புறம் பாத்துக்கலாம்’னாங்க. எங்கப்பா அந்த அப்புறம் பாத்துக்கலாம். அதனாலதான் எங்க வீட்ல எதைக் கேட்டாலும் அப்புறம் பாத்துக்கலாம்னே வளர்ந்தோம். பத்து வருஷம் கழிச்சு 1974ல பார்த்தாங்க. ஆளுக்கு 75,000! அண்ணன் தம்பி சொத்துப் பிரிச்சாக்கூட இவ்வளவு கரெக்டா வராது.”

கப்பல், மண்டபம் முகாம், ரயில், பஸ் என்று இந்த மலைக்கு வந்து சேர்ந்த கதையையும் அதே வேகத்தில் சொல்லி முடித்தார். இலங்கைத் தோட்டங்களில் குடியுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களை இரு நாடுகளும் பிரித்துக்கொண்ட 1964 சிரிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கணக்கும், 1974 சிரிமாவோ–இந்திரா ஒப்பந்தத்தின் கணக்கும் அவர் சொன்னபடியேதான். கண்டியிலிருந்து வந்து கொழுந்து பறித்த பெண்கள் அன்றைக்குச் சிரித்த சிரிப்பை நான் வேறெங்கும் கேட்டதில்லை. மாணவரும் சிரித்தார். கூட்டம் முடிந்ததும் பெரியவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “தாத்தா, அந்த முகாம் கதையை இன்னொரு தடவை சொல்லுங்க” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இழிவுபடுத்தும் ஜோக்குகளை ஆராய்ந்த தாமஸ் ஃபோர்டு என்ற உளவியலாளர் காட்டியது இதற்குப் பொருந்தும். பெண்களை மட்டம் தட்டும் ஜோக்கு, பெண்கள்மீது வெறுப்பில்லாதவரை வெறுப்பாளராக மாற்றிவிடுவதில்லை. ஏற்கெனவே வெறுப்புள்ளவருக்கு ‘இங்கே இது பரவாயில்லை’ என்று அனுமதி கொடுக்கிறது. ‘ஜாலிக்குச் சொன்னேன்’ என்ற சமாதானம் இதனால்தான் செல்லாது. சொன்னவர் மனதில் எதுவும் இல்லாமல் இருக்கலாம், கேட்பவர்களில் ஒருவருக்கு அது அனுமதிச் சீட்டாகிவிடும். அன்றைக்குப் பெரியவர் எழுந்திருக்காவிட்டால் அந்த அனுமதி அப்படியே கூடத்தில் நின்றிருக்கும். தடை போடுவதைவிட மைக்கைத் திருப்பிக் கொடுப்பது நல்லது என்பது அதன் பிறகு எங்கள் நடைமுறை. யாரைப் பற்றிச் சொல்கிறோமோ அவர் அந்த அறையில் இருக்க வேண்டும், பதில் சொல்ல அவருக்கு நேரம் உண்டு என்று எழுதி ஒட்டியிருக்கிறோம்.

இப்போது

அக்கா தூங்குகிறார், முழுசாக இல்லை. மருந்தின் அளவை மருத்துவர் குறைத்திருக்கிறார். பழைய பாதையில் பகலில் நடக்கிறார். பலா சீசனில் எல்லாம் திரும்ப மோசமாகிறது. 2012 அக்டோபரில் அமெரிக்காவைத் தாக்கிய சாண்டி புயலைப் பற்றிய ஜோக்குகளை, நகைச்சுவையை ஆராயும் பீட்டர் மெக்ரா என்பவரின் குழு வெவ்வேறு நாள்களில் மக்களிடம் காட்டிப் பார்த்தது. புயல் அடித்தவுடன் சிரிப்பு வரவில்லை, சில வாரங்கள் தள்ளி உச்சத்துக்குப் போனது, பிறகு மெல்லக் குறைந்தது. அங்கே புயல் கடந்துபோய்விட்டது. இங்கே யானை ஒவ்வொரு வருஷமும் வருகிறது. அதனால் அந்த மாதங்களில் அக்கா யானை ஜோக்குகளைச் சொல்வதில்லை. கேட்பவர்களும் வீட்டுக்கு நடந்து போக வேண்டியவர்கள். அப்போது அவர் மேஸ்திரியைப் பற்றியும் மகனின் கணக்கு மார்க்கைப் பற்றியும் பேசுகிறார். மார்க்கு ஜோக்குக்கும் மகனிடம் முதலில் அனுமதி வாங்கிக்கொள்கிறார்.

லட்சாதிபதி பேச்சு நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஊர்ப் பேச்சு தானாகவும் ஓயும்.

கோவையில் ஒரு மேடைக்கு அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நண்பர் ஒருவரின் வீட்டில் சின்னதாக ஒத்திகை பார்த்தபோது கைநாட்டு ஜோக்குக்குச் சிரித்தார்கள், சகுன ஜோக்குக்கு யாரும் சிரிக்கவில்லை. தெருவிளக்கு உள்ள ஊரில் எட்டு மணிக்கு எதிரே என்ன வரும் என்று யாருக்கும் பயமில்லை. அந்த ரோட்டை, அந்த நேரத்தை அவர்களுக்கு முதலில் காட்டியாக வேண்டும். அதற்கு ஒரு நிமிட முன்கதை எழுதச் சொல்லி நண்பர் கேட்டிருக்கிறார். அக்கா எழுதிய முதல் வடிவம் நாலு நிமிஷம் வருகிறது. மகன் உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருக்கிறான்.